கோப்பின் மாற்ற நேரமும் கிட்டும்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கோப்புகளின் திருத்த வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளின் களஞ்சியம் ஒன்றைக் குளோன் செய்து, அதாவது நம் கணினிக்கு நகலெடுத்து, முடித்தவுடன் கோப்புகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால், பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய கோப்பும் நேற்று மாலை எழுதிய கோப்பும் ஒரே நொடியில் பிறந்தவை போல நிற்கும். நல்ல பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் கோப்பின் மாற்ற நேரத்தையும் சேர்த்துக் காக்க வேண்டாமா என்ற கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது. காக்கக் கூடாது என்பதே என் கருத்து. ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் கேட்டவருடைய சிக்கல் அப்படியே இருக்கும். ஏனெனில் பெரும்பாலும் அவர் வேறொரு கருவியில் எழுந்த கோளாறு ஒன்றைத் தீர்க்க முயலும்போதுதான் இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்திருப்பார். ஆகவே எந்தக் கோளாறு எந்த அறிகுறியாக வெளிப்படுகிறது, அதற்கு எங்கே மருந்து இட வேண்டும் என்பதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

## அறிகுறியைத் தேடும் முன்

எம்டைம் என்று அழைக்கப்படும் மாற்ற நேரம், ஒரு கோப்பின் உள்ளடக்கம் இந்த வட்டில் கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்று கோப்பு முறைமை குறித்துவைக்கும் செய்தி. அதைப் படிக்கும் கருவிகள் எல்லாம் அதனிடம் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை.

மூல நிரலிலிருந்து இயங்கும் நிரலை உருவாக்கும் மேக், நின்ஜா, கார்கோ போன்ற பில்ட் கருவிகள் ‘இது அதைவிடப் புதியதா?’ என்று கேட்கின்றன. கிட்டின் இண்டெக்ஸ் (வேலைக் கோப்புகளைப் பற்றி அது வைத்திருக்கும் குறிப்பேடு), கோப்புகளை வேறிடத்துக்கு ஒத்திசைக்கும் ஆர்சிங்க், பைத்தான் தன் பயன்பாட்டுக்காக மொழிபெயர்த்துவைக்கும் பிஒய்சி கோப்புகள் ஆகியவை ‘நான் கடைசியாகக் குறித்துவைத்த நேரமே இப்போதும் இருக்கிறதா?’ என்று கேட்கின்றன. அங்கே புதியது பழையது என்ற பேச்சே இல்லை, வேறுபட்டிருக்கிறதா என்பது மட்டுமே கணக்கு. வலைத்தளத்தில் ‘கடைசியாகத் திருத்தியது’ என்று தேதி போடும் நிரல் கேட்பது மூன்றாவது கேள்வி: ‘இதை எழுதியவர் எப்போது எழுதினார்?’ வரலாற்றிலுள்ள தேதி உண்மையில் தேவைப்படுவது இந்த மூன்றாவது கேள்விக்கு மட்டும்தான், அதற்கான விடையோ கமிட்டிலேயே, அதாவது கிட் சேமிக்கும் திருத்தப் பதிவிலேயே, இருக்கிறது. உங்கள் கருவி இந்த மூன்றில் எதைக் கேட்கிறது என்று முதலில் கண்டுகொண்டால், கீழே பாதியைப் படிக்காமலே தாண்டிப் போகலாம்.

## அறிகுறி: குளோன் செய்தவுடன் எல்லாக் கோப்புகளுக்கும் இன்றைய தேதி

இது கோளாறு அல்ல. கோப்புறை ஒன்றின் பட்டியலாக கிட் வைத்திருக்கும் ட்ரீ பொருளில் ஒரு கோப்பைப் பற்றி மூன்றே செய்திகள் உள்ளன: அதன் பெயர், அதன் வகையையும் அது இயக்கக்கூடியதா என்பதையும் காட்டும் மோட் எண், உள்ளடக்கத்தின் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்). நேரத்துக்கு அங்கே இடமே இல்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதிய முதல் வடிவத்திலிருந்தே அப்படித்தான். இடம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்: ஒரே உள்ளடக்கம் கொண்ட ஒரே கோப்புறையை இரண்டு பேர் தங்கள் தங்கள் கணினியில் உருவாக்கினால், எழுதிய நொடி வேறு என்பதற்காக இரண்டு ட்ரீகளின் ஹாஷும் வேறாகியிருக்கும், ‘இந்தக் கோப்புறையில் எதுவும் மாறவில்லை’ என்று ஹாஷை மட்டும் பார்த்து ஒரே எட்டில் தாண்டிப் போகும் கிட்டின் வேகம் அத்தோடு போயிருக்கும்.

கோப்பு எப்போது திருத்தப்பட்டது என்பதை அறிய, அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்து கிட் லாக் கட்டளையை ஒரே ஒரு பதிவுக்கு மட்டும் இயக்கினால் போதும். கமிட்டில் இரண்டு நேரங்கள் இருப்பதைக் கவனியுங்கள்: எழுதியவருடைய நேரம் ஒன்று, கமிட் செய்தவருடைய நேரம் மற்றொன்று. ரீபேஸ் செய்யும்போது, அதாவது கமிட்டுகளை வேறோர் அடித்தளத்தின் மேல் மீண்டும் எழுதும்போது, முன்னது அப்படியே இருக்கும், பின்னது புதிதாகிவிடும்.

## அறிகுறி: வேறு கிளைக்குப் போய்த் திரும்பி வந்தால் பாதித் திட்டம் மறுபடி கம்பைல் ஆகிறது

ஒரு கிளையிலிருந்து (ஒரே திட்டத்தின் தனி வளர்ச்சிப் பாதையிலிருந்து) இன்னொன்றுக்கு மாறும்போது கிட் எல்லாக் கோப்புகளையும் தொடுவதில்லை. இரண்டு கிளைகளிலும் வேறுபடும் கோப்புகளை மட்டுமே புதிதாக எழுதுகிறது. ஆனால் போகும்போது ஒரு முறையும் வரும்போது ஒரு முறையுமாக அவை இரண்டு முறை எழுதப்படுவதால், உள்ளடக்கம் பழையபடியே இருந்தாலும் மாற்ற நேரம் ‘இப்போது’ ஆகிவிடுகிறது. திட்டம் முழுவதும் சேர்த்துக்கொள்ளும் ஒரு ஹெடர் கோப்பு அந்தச் சிலவற்றில் ஒன்றாக இருந்துவிட்டால், மேக் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்யும். கிட் ஸ்டாஷ் செய்து (திருத்தங்களை ஒதுக்கிவைத்து) உடனே பாப் செய்தாலும் (திரும்ப எடுத்தாலும்), ரீபேஸ் செய்தாலும் இதே கதைதான்.

இதற்கு மூன்று தீர்வுகள் உள்ளன, என் விருப்ப வரிசையில் சொல்கிறேன். முதலாவது, கிட் வொர்க்ட்ரீ. 2015இல் வந்த கிட் 2.5 பதிப்பிலிருந்து, ஒரே களஞ்சியத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேலைக் கோப்புறைகளை வைத்துக்கொள்ளலாம். நீண்ட நாள் வாழும் கிளை ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புறை வைத்துவிட்டால், கிளை மாற்றுவது என்பது கோப்புறை மாற்றுவது ஆகிவிடும். எந்தக் கோப்பும் திரும்ப எழுதப்படாது, ஒவ்வொரு கிளையின் ஆப்ஜெக்ட் கோப்புகளும் (கம்பைல் செய்த விளைவுகளும்) அதனதன் இடத்திலேயே இருக்கும். இரண்டாவது, சி, சி++ திட்டங்களுக்கு சிகேஷ். மேக் ‘கம்பைல் செய்’ என்று சொல்லத்தான் செய்யும். ஆனால் சிகேஷ் மூலத்தின் உள்ளடக்கத்தை ஹாஷ் செய்து பார்த்து, ஏற்கெனவே கம்பைல் செய்ததுதான் என்றால் பழைய விளைவை எடுத்துக் கொடுத்துவிடும். மூன்றாவது, நேரத்தை நம்பாத பில்ட் கருவிக்கு மாறுவது. பேசல் உள்ளடக்கத்தின் ஹாஷைக் கொண்டே முடிவு செய்கிறது, எஸ்கான்ஸும் இயல்பாக அப்படியே. அறிகுறி இது ஒன்றுதான் என்றால் மூன்றாவது வழி கொசுவுக்குப் பீரங்கி.

‘திரும்பி வரும்போது கிட் பழைய நேரத்தையே வைத்துவிட்டால் இவை எதுவும் வேண்டியதில்லையே’ என்று தோன்றும். அப்படி வைத்தால் என்ன ஆகும் என்பதே அடுத்த அறிகுறி.

## அறிகுறி: மாற்ற நேரத்தை மீட்கும் ஹூக் ஒன்றை நிறுவினோம், அதன் பிறகு திருத்தங்கள் பில்டில் ஏறுவதில்லை

ஹூக் என்பது கிட் ஒரு செயலைச் செய்யும்போது தானே இயக்கும் சிறு நிரல். இந்தப் பட்டியலில் மிக ஆபத்தானது இதுதான், ஏனெனில் இங்கே பிழைச் செய்தி என்று எதுவும் வராது. பில்ட் வெற்றிகரமாக முடியும். இயக்கிப் பார்த்தால் பழைய நிரலே ஓடும்.

எப்படி நடக்கிறது என்று ஒரு வாரத்தின் மூன்று நாட்களை வைத்துப் பார்ப்போம். திங்கட்கிழமை காலை 10 மணிக்கு உங்கள் சக ஊழியர் தம் தனிக் கிளையில் பார்சர் கோப்பைத் திருத்தி கமிட் செய்கிறார். அந்தத் திருத்தத்தைப் பற்றி எதுவும் அறியாத நீங்கள் செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்கு மெயின் கிளையில் பில்ட் செய்கிறீர்கள். பார்சரின் ஆப்ஜெக்ட் கோப்பு அந்த நேரத்தோடு உருவாகிறது. புதன்கிழமை அவருடைய கிளையை இணைக்கிறீர்கள். கிட்டைத் தன் போக்கில் விட்டிருந்தால், பார்சர் கோப்புக்குப் புதன்கிழமை நேரம் கிடைத்திருக்கும். மேக் உடனே கண்டுகொண்டிருக்கும். ஆனால் ஹூக் ஓடி, கமிட்டின் நேரமான திங்கள் 10 மணியை அதற்கு இட்டுவிடுகிறது. மேக் பார்க்கிறது: ஆப்ஜெக்ட் கோப்பு செவ்வாய், மூலக் கோப்பு திங்கள். மூலம் பழையது, ஆகவே செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை. சக ஊழியரின் திருத்தம் மூலத்தில் இருக்கிறது, பைனரியில் (இயங்கும் நிரலில்) இல்லை.

கிட் பைசெக்ட் செய்பவருக்கு இது இன்னும் மோசமாக முடியும். பைசெக்ட் என்பதே பழைய கமிட்டுகளுக்குப் பின்னோக்கிப் போய்ப் போய்ச் சோதிப்பது. பின்னோக்கிப் போகும் ஒவ்வொரு அடியிலும் மூலக் கோப்புக்குப் பழைய நேரமே வந்தால், ஒரு முறை கூட மேக் மறுபடி கம்பைல் செய்யாது. ஒரே பைனரியைத் திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டு, குற்றமற்ற கமிட் ஒன்றின் தலையில் பழியைப் போடுவோம். நான் வேலை பார்த்த ஒரு குழுவில் இப்படி ஒரு ஹூக்கை யாரோ நல்லெண்ணத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு நாட்கள் தவறான கமிட்டை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் அது இருப்பதே தெரிந்தது.

மாற்ற நேரம் என்பது வரலாற்றைப் பற்றிய செய்தி அல்ல, இந்த வேலைக் கோப்புறையைப் பற்றிய செய்தி என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மேக்கை 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியபோது அது நம்பியது ஒன்றைத்தான்: ஒரு கோப்பு இந்த வட்டில் எழுதப்பட்டால் அதன் நேரம் முன்னோக்கி நகரும். உள்ளடக்கத்தை மாற்றிவிட்டு நேரத்தைப் பின்னோக்கி நகர்த்தும் எந்த மென்பொருளும் அந்த ஒப்பந்தத்தை முறிக்கிறது.

பழைய பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்களை எழுதியவர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். ஆர்சிஎஸ்ஸில் கோப்பை வெளியே எடுக்கும்போது பதிப்பின் தேதியையே மாற்ற நேரமாக இடுவதற்கு ஒரு விருப்பம் உண்டு. அது மேக்கைக் குழப்பக்கூடும், கவனமாகப் பயன்படுத்துங்கள் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. சிவிஎஸ் இன்னும் நுட்பமாக நடந்துகொண்டது. முதல் செக்அவுட்டின்போது பதிப்பின் நேரத்தை இடும். பிறகு அப்டேட் செய்யும்போது மாறும் கோப்புகளுக்கு அப்போதைய நேரத்தையே கொடுக்கும். முதல் செக்அவுட்டின்போது அந்தக் கோப்புறையில் ஆப்ஜெக்ட் கோப்பே கிடையாது என்பதால் பழைய நேரம் அங்கே யாரையும் ஏமாற்ற முடியாது. சப்வெர்ஷனில் யூஸ்-கமிட்-டைம்ஸ் என்ற அமைப்பு உண்டு, கேட்டாலொழிய இயங்காது. பெர்ஃபோர்ஸில் மோட்டைம், ஃபாசிலில் செட்எம்டைம் ஆகிய விருப்பங்களும் அப்படியே. வசதியைக் கொடுத்தவர்கள் கூட அதை இயல்பு நிலையாக வைக்கத் துணியவில்லை.

சரிசெய்ய: களஞ்சியத்தின் ஹூக்ஸ் கோப்புறையில் போஸ்ட்-செக்அவுட், போஸ்ட்-மெர்ஜ் ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். கோப்பின் நேரத்தை மாற்றும் டச் கட்டளையோ, நேரத்தை மீட்கும் வேறு நிரலோ அவற்றில் இருந்தால் அகற்றுங்கள். அகற்றிய பிறகு ஒரு முறை மேக் கிளீன் செய்து முழுமையாக பில்ட் செய்வது கட்டாயம். ஹூக்கை மட்டும் அகற்றினால், ஏற்கெனவே தவறான நேரத்தோடு நிற்கும் கோப்புகள் அப்படியே இருக்கும்.

## அறிகுறி: வெளியீட்டுக் களஞ்சியத்தைக் குளோன் செய்து மேக் இயக்கினால், ‘ஏக்லோக்கல் உங்கள் கணினியில் இல்லை’ என்று நிற்கிறது

பில்டுக்கான கோப்புகளை உருவாக்க ஏக்லோக்கல் உள்ளிட்ட ஆட்டோடூல்ஸ் கருவிகளைப் பயன்படுத்தும் திட்டங்களில், உருவாக்கப்பட்ட கோப்புகளான கான்ஃபிகர், மேக்ஃபைல்.இன் போன்றவற்றையும் களஞ்சியத்தில் கமிட் செய்துவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. குளோன் செய்யும்போது கோப்புகள் ஏதோ ஒரு வரிசையில் வட்டில் எழுதப்படுகின்றன. அந்த வரிசையில் கான்ஃபிகர்.ஏசி சில மில்லி நொடிகள் கழித்து எழுதப்பட்டுவிட்டால், அதிலிருந்து உருவான கான்ஃபிகர் பழையதாகிவிட்டது என்று மேக் எண்ணி, அதை மறுபடி உருவாக்க முனையும். அதற்கான கருவியோ, அதே பதிப்பில், உங்களிடம் இருக்காது. சில கணினிகளில் வரும், சிலவற்றில் வராது. ஒரே கணினியில் ஒரு முறை வரும், அடுத்த முறை வராது.

மாற்ற நேரத்தைக் காக்காததால் உண்மையிலேயே வரும் தொல்லை இது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உடனடி மருந்து, சார்பு வரிசையிலேயே டச் செய்வது: முதலில் ஏக்லோக்கல்.எம்4, அடுத்து கான்ஃபிகர், பிறகு கான்ஃபிக்.ஹெச்.இன், கடைசியாக மேக்ஃபைல்.இன் கோப்புகள். நேரம் சமமாக இருந்தால் மேக் அதைப் பழையது என்று கருதாது என்பதால் இடையே காத்திருக்கத் தேவையில்லை. உருவாக்கும் கருவிகள் உங்களிடம் இருந்தால் ஆட்டோரீகான்ஃபை ஃபோர்ஸ், இன்ஸ்டால் விருப்பங்களுடன் ஒரு முறை இயக்கிவிடலாம். திட்டத்தின் பொறுப்பாளர் நீங்களே என்றால், கான்ஃபிகர்.ஏசியில் ஏஎம்_மெயின்டெய்னர்_மோட் மேக்ரோவைச் சேர்ப்பது, அல்லது உருவாக்கப்பட்ட கோப்புகளைக் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட்டு வெளியீட்டு டார் கோப்பில் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பில்) மட்டும் வைப்பது நல்லது. எனக்குப் பிந்தையதே பிடிக்கும்.

## அறிகுறி: சிஐ ஓட்டத்தில் பில்ட் கோப்புறையைக் கேஷில் வைத்தும், ஒவ்வொரு முறையும் முழு பில்ட் நடக்கிறது

சிஐ இயந்திரம், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் தானாக பில்ட் செய்து சோதிக்கும் கணினி, ஒவ்வொரு ஓட்டத்திலும் புதிதாகக் குளோன் செய்கிறது. மூலக் கோப்புகள் எல்லாம் இன்றைய நேரத்தோடு வருகின்றன. கேஷிலிருந்து (முந்தைய ஓட்டத்தின் சேமிப்பிலிருந்து) மீட்கப்பட்ட, பில்டின் விளைவுகள் அடங்கிய டார்கெட் கோப்புறையோ நேற்றைய நேரத்தோடு வருகிறது. கார்கோவோ நின்ஜாவோ ஒப்பிட்டுப் பார்த்து எல்லாம் மாறிவிட்டதாக முடிவு செய்வது இயல்புதான். வெளியிலிருந்து தருவித்த நூலகங்கள் மறுபடி கம்பைல் ஆகாமல், உங்கள் சொந்தத் தொகுப்புகள் மட்டும் ஆகின்றன என்றால், காரணம் இதுவேதான்.

கிட் ரீஸ்டோர்-எம்டைம் என்ற நிரல், ஒவ்வொரு கோப்பையும் கடைசியாகத் தொட்ட கமிட்டின் நேரத்தை அதற்கு இட்டுவிடும். பலரும் இங்கே அதைத்தான் பரிந்துரைக்கிறார்கள், அது வேலை செய்வது போலவும் தோன்றும். ஆனால் மேலே சொன்ன திங்கள், செவ்வாய், புதன் கணக்கு இங்கேயும் அப்படியே பொருந்தும்: திங்களன்று எழுதிய கமிட், செவ்வாயன்று உருவான கேஷோடு புதனன்று சந்தித்தால், சிஐ பழைய பைனரியைச் சோதித்துப் பச்சை விளக்கு காட்டும். இந்த வழியில் போகத்தான் வேண்டும் என்றால், கேஷின் பெயரில் கமிட்டின் ஹாஷைச் சேர்த்து, அந்த கமிட்டுக்கும் இப்போதைய கமிட்டுக்கும் இடையில் மாறிய கோப்புகளின் பட்டியலை கிட் டிஃப் கொண்டு எடுத்து, அவற்றை மட்டும் டச் செய்து இன்றைய நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். பழைய நேரம் மாறாதவற்றுக்கு, புதிய நேரம் மாறியவற்றுக்கு. இத்தனை வேலை வேண்டாம் என்றால் சிகேஷ் அல்லது எஸ்சிகேஷ் வைப்பது எளிது. ரஸ்ட் திட்டங்களுக்கு எஸ்சிகேஷ் உதவும்.

நிரலை அதன் சூழலோடு சேர்த்து கன்டெய்னராகக் கட்டும் டாக்கர் பற்றி ஒரு வரி: காப்பி கட்டளைக்கான கேஷைத் தீர்மானிக்கும்போது டாக்கர் மாற்ற நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே அந்தக் கேஷ் உடைகிறது என்றால் காரணத்தை வேறெங்காவது தேடுங்கள்.

## அறிகுறி: ஆர்சிங்க் ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்புகளையும் அனுப்புகிறது

ஆர்சிங்க் இயல்பாக அளவையும் மாற்ற நேரத்தையும் மட்டும் ஒப்பிடும். புதிய குளோனிலிருந்து சர்வருக்கு அனுப்பினால் நேரம் எதுவும் பொருந்தாது. உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு ஒப்பிடும் செக்சம் விருப்பத்தைச் சேருங்கள். இரு பக்கமும் எல்லாக் கோப்புகளையும் படிக்க வேண்டியிருப்பதால் வட்டுக்கு வேலை கூடும், ஆனால் மாறாத கோப்பு சர்வரில் தொடப்படாது. சாதாரண வலைத்தளம் ஒன்றின் அளவுக்கு அந்தச் செலவு ஒரு பொருட்டல்ல.

## அறிகுறி: தளத்தில் உள்ள எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே ‘கடைசியாகத் திருத்திய’ தேதி

இது மூன்றாவது வகைக் கேள்வி. தளத்தை உருவாக்கும் நிரல் கோப்பின் மாற்ற நேரத்தைப் படிக்கிறது. அது வரலாற்றைப் படிக்கும்படி அமைக்க வேண்டும். தளத்தை உருவாக்கும் நிரல்களில் ஒன்றான ஹூகோவில் எனேபிள்-கிட்-இன்ஃபோ என்ற அமைப்பு இதற்கென்றே உள்ளது.

அப்படி அமைத்த பிறகும் எல்லாத் தேதியும் ஒன்றாகவே இருக்கிறது என்று சிலர் திரும்பி வருவார்கள். அநேகமாக ஆழமற்ற குளோன் காரணமாக இருக்கும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் படி, இயல்பாக ஒரே ஒரு கமிட்டை மட்டும் எடுத்து வருகிறது. வரலாறு ஒரு கமிட் மட்டுமே என்றால், எல்லாக் கோப்புகளும் அந்த கமிட்டில்தான் பிறந்தவையாகத் தெரியும். ஃபெட்ச்-டெப்த் மதிப்பைப் பூச்சியமாக வைத்தால் முழு வரலாறும் வரும். கிட் ரீஸ்டோர்-எம்டைம் பயன்படுத்துபவர்களுக்கும் இதே விதி.

## அறிகுறி: ஒரே கோப்பு இரண்டு சர்வர்களில் இரண்டு ஈடேக், உலாவிகள் மறுபடி மறுபடி பதிவிறக்குகின்றன

ஈடேக் என்பது கோப்பு மாறியதா என்று உலாவி கண்டறிய வலைச் சர்வர் அனுப்பும் அடையாளம். என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர், கோப்பின் மாற்ற நேரத்தையும் அளவையும் பதினாறடிமான எண்களாக இணைத்து ஈடேக் உருவாக்குகிறது. அப்பாச்சி 2.4உம் இயல்பாக அந்த இரண்டிலிருந்தே உருவாக்குகிறது. ஒரு சுமைபங்கீட்டியின் பின்னால் நிற்கும் இரண்டு சர்வர்களில் தனித்தனியே கிட் புல் செய்தால் நேரம் வேறாகும், ஈடேக்கும் வேறாகும். இந்த முறை ஒரு சர்வரிடமும் அடுத்த முறை மற்றொன்றிடமும் போய் நிற்கும் உலாவி ஏமாந்து போகும்.

நல்ல தீர்வு, கோப்பின் பெயரிலேயே உள்ளடக்கத்தின் ஹாஷைச் சேர்ப்பது; பெரும்பாலான பண்ட்லர்கள் (வலைத்தளக் கோப்புகளைத் தொகுக்கும் கருவிகள்) இதைத் தாமே செய்யும். அது முடியாவிட்டால், ஓரிடத்தில் உருவாக்கி ஆர்சிங்க் மூலம் நேரத்தோடு சேர்த்து எல்லாச் சர்வர்களுக்கும் அனுப்புங்கள். கமிட் நேரத்தை இடுவதும் இங்கே ஒரு வழியே, ஏனெனில் சர்வரில் மேக் ஓடுவதில்லை. ஆனால் பழைய பதிப்புக்குப் பின்வாங்கும் நாளில் கவனம் வேண்டும். ஈடேக்கை அணைத்துவைத்து, லாஸ்ட்-மாடிஃபைடு தலைப்பை மட்டும் நம்பும் அப்பாச்சியில், கோப்பின் நேரம் உலாவி சொல்லும் நேரத்தைவிடப் பழையதாக இருந்தாலும் ‘மாறவில்லை’ என்ற 304 விடையே போகும். நீங்கள் பின்வாங்கியது உலாவிக்குத் தெரியவே தெரியாது. என்ஜின்எக்ஸ் இயல்பாகத் துல்லியமான பொருத்தத்தை எதிர்பார்ப்பதால் இதில் தப்பிக்கும்.

## அறிகுறி: எதையும் திருத்தவில்லை; ஆனால் பில்ட் ஸ்கிரிப்ட் ‘டர்ட்டி’ (கமிட் செய்யாத மாற்றம் உண்டு) என்கிறது, அல்லது கிட் ஸ்டேட்டஸ் மிக மெதுவாக ஓடுகிறது

களஞ்சியத்தில் நேரத்தைச் சேமிக்காத கிட், தன் இண்டெக்ஸில் மட்டும் அதைக் கவனமாகக் குறித்துவைக்கிறது. ஒவ்வொரு கோப்பின் அளவு, மாற்ற நேரம், சிடைம் (கோப்பின் விவரங்கள் கடைசியாக மாறிய நேரம்), ஐநோடு எண் (கோப்பு முறைமை கோப்புக்கு இடும் அடையாள எண்) ஆகியவை அங்கே உள்ளன. அவை பொருந்தினால் கோப்பைத் திறந்து பார்க்காமலே ‘மாறவில்லை’ என்று முடிவு செய்யும். வேலைக் கோப்புறையை வேறிடத்துக்கு நகலெடுத்தாலோ, காப்புப் பிரதியிலிருந்து மீட்டாலோ இந்தக் குறிப்புகள் எல்லாம் பொய்யாகிவிடும். அப்போது கிட் ஸ்டேட்டஸ் எல்லாக் கோப்புகளையும் ஒரு முறை படித்து ஹாஷ் செய்து இண்டெக்ஸைப் புதுப்பிக்கும்; மெதுவாக ஓடுவது அந்த ஒரு முறைதான். கிட் டிஃப்-இண்டெக்ஸ் போன்ற அடிநிலைக் கட்டளைகளோ அப்படிப் புதுப்பிப்பதில்லை. பொருந்தாதவற்றை மாறியவை என்றே சொல்லிவிடும். ஸ்கிரிப்டில் அதற்கு முன் கிட் அப்டேட்-இண்டெக்ஸ் கட்டளையை ரிஃப்ரெஷ் விருப்பத்துடன் ஒரு முறை இயக்கினால் தீர்ந்தது.

ஒரே வேலைக் கோப்புறையை கன்டெய்னரும் வெளிக் கணினியும் மாறி மாறிப் பயன்படுத்துவதால் ஒவ்வொரு முறையும் மெதுவாகிறது என்றால், கோர்.செக்ஸ்டாட் மதிப்பை மினிமல் என்றும், கோர்.டிரஸ்ட்சிடைம் மதிப்பை ஃபால்ஸ் என்றும் வைக்கலாம். வைத்தபின் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: உள்ளடக்கத்தை மாற்றிவிட்டு நேரத்தைப் பழையபடி திருப்பி வைக்கும் நிரல் ஏதாவது உங்களிடம் இருந்து, அளவும் மாறாமல் இருந்துவிட்டால், கிட்டுக்கே அந்த மாற்றம் தெரியாமல் போகும். சிடைமை நம்பும் வரை அது பிடிபட்டுவிடும்.

கோப்பும் இண்டெக்ஸும் ஒரே நொடியில் எழுதப்பட்டால் என்ன செய்வது என்ற ஐயம் சிலருக்கு வரும். கோப்பின் நேரம் இண்டெக்ஸின் நேரத்துக்குச் சமமாகவோ பிந்தியோ இருந்தால், கிட் அந்தக் குறிப்பை நம்பாமல் உள்ளடக்கத்தையே ஒப்பிட்டுவிடும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

## அறிகுறி: ஒரே கமிட்டிலிருந்து இரண்டு முறை உருவாக்கிய டார் கோப்புகளின் செக்சம் வேறு

டார், தான் கட்டும் ஒவ்வொரு கோப்பின் மாற்ற நேரத்தையும் உள்ளே எழுதுகிறது. குளோனிலிருந்து நேரடியாகக் கட்டாமல் கிட் ஆர்க்கைவ் பயன்படுத்துங்கள். கமிட்டைக் கொடுத்தால் எல்லாக் கோப்புகளுக்கும் அந்த கமிட்டின் நேரத்தையே இடும். பில்டின் விளைவுகளைக் கட்ட வேண்டும் என்றால், சோர்ஸ்_டேட்_ஈபாக் சூழல் மாறிக்குக் கடைசி கமிட்டின் நேரத்தைக் கொடுத்து, டாரில் எம்டைம் விருப்பத்துக்கு அதையே இட்டு, கோப்புகளைப் பெயர் வாரியாக வரிசைப்படுத்தி, ஜிஜிப்பை நேரம் எழுதாத விருப்பத்துடன் இயக்குங்கள்.

அத்தனையும் செய்த பிறகும் வேறுபட்டால் சுருக்கும் நிரலைச் சந்தேகியுங்கள். 2023 ஜனவரி 30 அன்று கிட்ஹப்பின் தானியங்கி டார் கோப்புகளின் செக்சம் திடீரென மாறிப் பல பில்டுகள் உடைந்தபோது, உள்ளிருந்த கோப்புகளும் நேரங்களும் மாறவில்லை. கிட் பயன்படுத்தும் ஜிஜிப் செயலாக்கம்தான் மாறியிருந்தது. அன்றே அது பழையபடி திருப்பி வைக்கப்பட்டது.

இதன் எதிர்முனையில் நிற்பது ‘1980க்கு முந்தைய நேரத்தை ஜிப் ஏற்காது’ என்ற பைத்தான் பிழை. நிக்ஸ் என்ற தொகுப்பு மேலாண்மைக் கருவி, நிறுவியவற்றை வைக்கும் தன் ஸ்டோர் கோப்புறையில் உள்ள எல்லாக் கோப்புகளுக்கும் 1970 ஜனவரி 1, ஒரு நொடி என்ற நேரத்தை இட்டுவிடும். ஜிப் வடிவமோ டாஸ் காலத்துத் தேதியைப் பயன்படுத்துவதால் 1980இல்தான் தொடங்குகிறது. சோர்ஸ்_டேட்_ஈபாக் மதிப்பை 315532800 என்று வையுங்கள். அது 1980 ஜனவரி 1.

## அறிகுறி: ‘கோப்பின் மாற்ற நேரம் எதிர்காலத்தில் உள்ளது’ என்று மேக் எச்சரிக்கிறது

கிட்டுக்கு இதில் தொடர்பில்லை. கோப்புகளை வலையமைப்பில் பகிரும் என்எஃப்எஸ் சர்வரின் கடிகாரமோ, மெய்நிகர் இயந்திரத்தின் கடிகாரமோ பிசகியிருக்கிறது. நேர ஒத்திசைவைச் சரிசெய்து, அந்தக் கோப்புகளை டச் செய்யுங்கள்.

## அறிகுறி: பழைய கடிதங்கள், குறிப்புகள், ஸ்கேன் பிரதிகளை கிட்டில் வைத்தேன், அவற்றின் தேதிகள் போய்விட்டன

இந்த ஒரு நிலையில்தான் என் கருத்து சற்றுத் தளர்கிறது. இங்கே பில்ட் இல்லை, ஆப்ஜெக்ட் கோப்பு இல்லை. ஒரு கடிதம் 2003இல் எழுதப்பட்டது என்பதற்கு அந்த மாற்ற நேரம் ஒன்றே சான்றாக இருக்கலாம். ஆனால் அப்போதும் தேதியை உள்ளடக்கத்தின் பகுதியாக ஆக்க வேண்டுமே தவிர, கோப்பு முறைமையின் ஓரத்தில் தொங்கவிடக் கூடாது. அது கிட் குளோனில் மட்டுமல்ல, பாதி நகலெடுப்பு வழிகளில் உதிர்ந்துவிடும்.

குளோனை மூடிவிட்டு முதலில் மூலப் பிரதியைத் தேடுங்கள். கமிட் செய்த அதே கணினியில், அதே கோப்புறையில், நேரங்கள் இன்னும் கெடாமல் இருக்கக்கூடும். ஆட் செய்வதும் கமிட் செய்வதும் அவற்றைத் தொடுவதில்லை. அந்தக் கோப்புறையில் செக்அவுட்டோ ஸ்டாஷோ செய்யும் முன், ஃபைண்ட் கட்டளையால் ஒவ்வொரு கோப்பின் பெயரையும் நேரத்தையும் ஓர் உரைக் கோப்பில் எழுதி, அதையும் கமிட் செய்துவிடுங்கள். இனி சேர்ப்பவற்றுக்கு, கிட்_ஆதர்_டேட் சூழல் மாறியில் கடிதத்தின் தேதியைக் கொடுத்துத் தனித்தனியாகக் கமிட் செய்யலாம், அல்லது கோப்பின் பெயரைத் தேதியில் தொடங்கும்படி மாற்றலாம். மெட்டாஸ்டோர் என்ற கருவி நேரத்தையும் அனுமதிகளையும் ஒரே கோப்பில் திரட்டிவைத்து மீட்கும். ஆனால் இரண்டு பேர் இரண்டு கிளைகளில் கோப்புகள் சேர்த்தால், இணைக்கும்போது முரண்படுவது அந்தக் கோப்பாகவே இருக்கும். ஒருவர் மட்டும் தொடும் களஞ்சியத்துக்கு அது போதும்.

புகைப்படங்கள் என்றால் கலங்க வேண்டாம். கேமரா எழுதிய எக்ஸிஃப் தேதி கோப்புக்குள்ளேயே இருக்கிறது. எக்ஸிஃப்டூல் கொண்டு அதை எடுத்து மாற்ற நேரமாக இட்டுக்கொள்ளலாம். ஸ்கேன் செய்த படங்களில் எக்ஸிஃப் இருந்தாலும் அது ஸ்கேன் செய்த நாளாகவே இருக்கும் என்பதால், அவற்றுக்கு உரைக் கோப்புப் பட்டியலே வழி.